மேக்ல இருந்து விண்டோஸுக்கு மாறுறவங்களுக்கு: உருப்படியான ஒரு வேலை லேப்டாப் எப்படிப் பாத்து வாங்குறது

மேக் வாங்குறப்ப நாம யோசிக்க வேண்டிய கேள்வி ரொம்பக் கம்மி. ஏரா ப்ரோவா, ஸ்க்ரீன் சின்னதா பெருசா, மெமரி எவ்ளோ, கலர் என்ன, முடிஞ்சுது. இருக்கறதுலயே கம்மி விலை மாடலை எடுத்தாக்கூட பாடி அலுமினியம்தான், ட்ராக்பேட் நல்லா இருக்கும், எழுத்து கூர்மையாத் தெரியும். அதனால பல வருஷமா மேக்லயே இருந்தவங்களுக்கு "கட்டுமானம் எப்படி இருக்கு"ன்னு தனியா ஒரு விஷயத்தைப் பாக்கற பழக்கமே வந்திருக்காது. அப்படியே விண்டோஸ் பக்கம் வந்து, ப்ராசஸர், ரேம், எஸ்எஸ்டி மூணை மட்டும் பாத்துட்டு "அட, இதே ஸ்பெக் இவ்ளோ கம்மிக்கா"ன்னு வாங்கிட்டுப் போயி, கொஞ்ச நாள்ல மூடி ஆடுது, ட்ராக்பேட் எரிச்சலா இருக்கு, பையில போட்டா சூடாகுதுன்னு புலம்புறவங்க நிறையப் பேர். புலம்பல்ல பாதிக்கு விண்டோஸ் காரணமே இல்ல, ஸ்பெக் ஷீட்ல வராத விஷயங்களை வாங்குறப்பவே யாரும் பாக்கலங்கறதுதான் காரணம்.

ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். மேக் மாதிரியே இருக்கற விண்டோஸ் லேப்டாப்னு தேடாதீங்க. வெள்ளிக் கலர்ல, ஒல்லியா, ஓரமெல்லாம் சீவுன மாதிரி நிறைய மாடல் இருக்கு, தூரத்துல இருந்து பாத்தா மேக்னே நினைப்பீங்க, ஆனா அந்தக் காப்பில முதல்ல காணாமப் போறது நீங்க மேக்ல ரசிச்ச விஷயங்கள்தான். விண்டோஸ் பக்கத்துக்குன்னு சில நல்ல குணம் இருக்கு: அருமையான கீபோர்டு, கண்ணாடி மாதிரி மின்னாத மேட் ஸ்க்ரீன், விதவிதமான போர்ட், ஸ்க்ரூவைக் கழட்டி எஸ்எஸ்டி மாத்தற வசதி, வீட்டுக்கே வந்து ரிப்பேர் பண்ணித் தர்ற வாரன்ட்டி. அதுக்காக மாறுனா சந்தோஷமா இருப்பீங்க.

1. மாறித்தான் ஆகணுமான்னு பாருங்க

ஆபீஸ்ல விண்டோஸ்தான்னு சொல்லிட்டாங்கன்னா இந்தப் பகுதியைத் தாண்டிடுங்க. அப்படி இல்லாம ஒரே ஒரு சாஃப்ட்வேருக்காக மாறுறீங்கன்னா கொஞ்சம் நில்லுங்க. சாலிட்வொர்க்ஸ், ரெவிட், பவர் பிஐ டெஸ்க்டாப், ஆக்சஸ் இதெல்லாம் மேக்ல கிடையாது, எக்செல் மேக்ல இருந்தாலும் பவர் பிவட் விண்டோஸ்ல மட்டும்தான். இன்டெல் மேக்ல பூட்கேம்ப் போட்டு விண்டோஸ் ஓட்டுனோம், எம்1 வந்ததுல இருந்து அது போச்சு. ஆனா பேரலல்ஸ் (மேக்குக்குள்ளயே விண்டோஸ் ஓட்ட விடற சாஃப்ட்வேர்) உள்ள ஆர்ம் விண்டோஸ் 11 (எம்1 மாதிரி ஆர்ம் வகை சிப்புக்கான விண்டோஸ்) ஓட்டறதுக்கு மைக்ரோசாஃப்ட்டே 2023ல அனுமதி குடுத்துட்டாங்க. வாரத்துக்கு ஒருதரம் ஒரு பவர் பிஐ ஃபைலைத் திறக்கணும்னா அதுவே போதும், புது மெஷின் தேவையே இல்ல. நாள் முழுக்க சாலிட்வொர்க்ஸ்ல உக்காருறவங்களுக்கு அது ஆகாது, தனி லேப்டாப்தான் சரி.

மாறறதுன்னு முடிவாயிட்டா ஒரு பேப்பர்ல ரெண்டு லிஸ்ட் எழுதுங்க. தினமும் திறக்கற சாஃப்ட்வேர் என்னென்ன, லேப்டாப்ல சொருகற சாமான் என்னென்ன. ரெண்டாவது லிஸ்ட்டை யாரும் எழுதறதே இல்ல, பழைய ஸ்கேனர், லேபிள் ப்ரின்டர், ஆடியோ இன்டர்ஃபேஸ், ஆபீஸ் விபிஎன் எல்லாம் அதுலதான் வரும், கீழ ப்ராசஸர் பத்திப் பேசறப்ப அது தேவைப்படும்.

2. கம்பெனியைப் பாக்காதீங்க, லைனைப் பாருங்க

"டெல் நல்லதா, எச்பி நல்லதா, லெனோவோ நல்லதா"ன்னு கேக்கறதுக்கு பதிலே கிடையாது. மூணு பேருமே சூப்பரான மெஷினும் பண்றாங்க, சுமாரான மெஷினும் பண்றாங்க, ரெண்டு மேலயும் அதே லோகோதான். ஒவ்வொருத்தர்கிட்டயும் வீட்டு உபயோகத்துக்குன்னு ஒரு லைன், ஆபீஸுக்குன்னு ஒரு லைன் தனித்தனியா இருக்கும். நமக்கு வேண்டியது ஆபீஸ் லைன்.

லெனோவோல அது திங்க்பேட். 1992ல ஐபிஎம் ஆரம்பிச்சது, 2005ல லெனோவோ கைக்கு வந்துச்சு. அதுக்குள்ளயும் படிநிலை இருக்கு: எக்ஸ்1 கார்பன் மேல, டி14, டி14எஸ் நடுவுல, எல், இ சீரிஸ் கீழ. ஐடியாபேட் வீட்டு லைன், திங்க்புக் ரெண்டுக்கும் நடுவுல. டெல்ல லேட்டிட்யூட், நம்பர் 5000, 7000, 9000னு ஏற ஏற தரமும் ஏறும், 2025ல அந்தப் பேரை எடுத்துட்டு டெல் ப்ரோ, டெல் ப்ரோ ப்ளஸ், டெல் ப்ரோ ப்ரீமியம்னு மாத்திட்டாங்க, அதனால பழைய ரிவ்யூ படிக்கறப்ப குழம்பிடாதீங்க. இன்ஸ்பிரான்ங்கறது வீட்டு லைனா இருந்தது, அந்தப் பேரையும் 2025ல எடுத்துட்டாங்க. எச்பில எலைட்புக் ஆபீஸ் லைன், ப்ரோபுக் அதுக்குக் கீழ, பெவிலியன் வீட்டுக்குன்னு இருந்த பேர், 2024ல இருந்து அதுக்குப் பதிலா ஆம்னிபுக். மைக்ரோசாஃப்ட்டோட சர்ஃபேஸ் லேப்டாப் கொஞ்சம் தனி ஜாதி. அலுமினியம் பாடி, 3:2 ஸ்க்ரீன், மேக்ல இருந்து வர்றவங்க கைக்கு உடனே பழகிடும், ஆனா போர்ட் கம்மி.

ஆபீஸ் லைனுக்கு ஏன் கூடக் குடுக்கணும்னு கேப்பீங்க. பெரிய கம்பெனிங்க ஒரே மாடலை ஆயிரக்கணக்குல வாங்கி மூணு நாலு வருஷம் ஓட்டுவாங்க, கீல் உடைஞ்சா, கீபோர்டு போனா அவங்க ஐடி டீம் விற்பனைக்காரனை உலுக்கி எடுத்துடும். அதனால அந்த லைன்ல கீல், சட்டம், கீபோர்டு மேல எல்லாம் கவனம் அதிகம், ஸ்பேர் பார்ட் ரொம்ப வருஷம் கிடைக்கும், உள்ள எப்படிக் கழட்டணும்னு ஸ்க்ரூ படத்தோட சர்வீஸ் மேனுவலை கம்பெனியே வெளிய விட்டிருக்கும். மேக்காரங்களுக்கு இது ஒரு அதிர்ச்சியாவே இருக்கும்.

இன்னொண்ணு, "மிலிட்டரி கிரேடு"ன்னு போட்டிருந்தா உடனே மயங்கிடாதீங்க. மில்-எஸ்டிடி-810எச்ங்கறது அமெரிக்க ராணுவத்தோட ஒரு சோதனை முறை, அவ்ளோதான். யாரும் சர்டிஃபிகேட் குடுக்கறதில்ல, எந்தெந்த சோதனை பண்றதுன்னு லேப்டாப் கம்பெனியே தேர்ந்தெடுத்துக்கலாம். எதுவுமே இல்லாததுக்கு அது பரவால்ல, ஆனா அது போட்டிருக்கறதுனால மட்டும் கெட்டியான லேப்டாப்னு அர்த்தம் இல்ல.

பாடி என்ன மெட்டீரியல்ங்கறதும் அப்படித்தான். உலோகம்னா ஒசத்தி, ப்ளாஸ்டிக்னா மட்டம்னு மேக் நம்மளைப் பழக்கி வச்சிருக்கு. எக்ஸ்1 கார்பன் மூடி கார்பன் ஃபைபர், தொட்டா ப்ளாஸ்டிக் மாதிரிதான் இருக்கும், ஆனா எடை கம்மி, வளையாது. மெக்னீசியம் சட்டத்து மேல பெயின்ட் அடிச்சதும் ப்ளாஸ்டிக் மாதிரியே தெரியும். அதே நேரம் மெல்லிசு அலுமினியத் தகட்டை ஒட்டி வச்ச மலிவு லேப்டாப் கண்ணுக்கு அழகா இருந்து, நடுவுல அழுத்துனா அப்பளம் மாதிரி உள்ள போகும். கண்ணை நம்பாதீங்க, அடுத்த ஸ்டெப்ல கையை நம்பலாம்.

3. கடைல போய் தொட்டுப் பாருங்க

நீங்க வாங்கப் போற மாடலே கடைல இருக்கணும்னு இல்ல, அதே லைன்ல இருக்கற வேற மாடலா இருந்தாலும் ஓரளவு தெரிஞ்சுடும். ஆபீஸ்ல யாராவது அதே சீரிஸ் வச்சிருந்தா அதைவிட நல்லது, ஏன்னா அது ரெண்டு வருஷம் அடி வாங்குனதா இருக்கும், புதுசுல எல்லாமே நல்லாத்தான் இருக்கும்.

மூடியை ஒரே விரலால திறங்க. கீழ் பாகம் கூடவே தூக்கிட்டு வந்தா ஒண்ணும் குடி முழுகிடாது, ஆனா கீல் எப்படி ட்யூன் பண்ணியிருக்காங்கன்னு அதுலயே தெரியும். திறந்து வேலை பாக்கற கோணத்துல வச்சுட்டு, வழக்கமா டைப் பண்ற மாதிரி பலமா நாலு வரி அடிங்க, ஸ்க்ரீன் மேல் ஓரம் நடுங்குதான்னு பாருங்க. அப்புறம் மடியில வச்சு அதையே செய்ங்க. மேசைல ஆடாதது மடியில ஆடும். கீபோர்டு நடுவுல ஜி, எச் கட்டை இருக்கற இடத்துல கட்டைவிரலால அழுத்துங்க. கொஞ்சம் அமுங்குனா பரவால்ல, மொத்தப் பலகையும் குழியாகுதுன்னா விட்டுடுங்க. கடைசியா, திறந்த லேப்டாப்போட முன் மூலையை ஒரு கையால பிடிச்சுத் தூக்குங்க. நாம எல்லாரும் மேக்கை அப்படித்தான் தூக்கிட்டு நடப்போம். க்ரீச்னு சத்தம் வந்தாலோ, அந்தப் பக்கம் முறுக்குன மாதிரி உணர்ந்தாலோ அந்த மெஷின் உங்க பழக்கத்துக்குத் தாங்காது.

ட்ராக்பேடுக்கு வருவோம், ஏன்னா மேக்காரங்க மனசு உடையறது இங்கதான். 2015ல இருந்து மேக்ல இருக்கற ட்ராக்பேட் உண்மையில அமுங்கறதே இல்ல, உள்ள ஒரு மோட்டார் தட்டி, அமுங்குன மாதிரி விரலை ஏமாத்துது, அதனால எங்க அழுத்துனாலும் ஒரே க்ளிக். பெரும்பாலான விண்டோஸ் ட்ராக்பேட் மேல் ஓரத்துல கீல் வச்சது, கீழ் பாதி மட்டும் அமுங்கும். செக் பண்றது ரொம்ப சுலபம்: ஸ்பேஸ்பார் பக்கத்துல, மேல் ஓரத்தை ஒட்டி அழுத்திப் பாருங்க, கல்லு மாதிரி இருந்தா அது கீல் ட்ராக்பேட். அதுக்காகத் தூக்கிப் போட வேண்டியதில்ல, அழுத்தாம லேசாத் தட்டிப் பழகிக்கிட்டா அது ஒரு பிரச்சனையே இல்ல. தட்டறது உங்களுக்கு ஒத்தே வராதுன்னா ஸ்பெக்ல "ஹாப்டிக் டச்பேட்"னு இருக்கறதைத் தேடுங்க, 2024ல வந்த சர்ஃபேஸ் லேப்டாப்ல இருக்கு, திங்க்பேட், டெல்லோட மேல் மாடல் சிலதுலயும் இருக்கு. எந்த ட்ராக்பேடா இருந்தாலும் ஒரு சின்ன சோதனை: விரலை ரொம்ப மெதுவா குறுக்க இழுங்க. பாயின்டர் படி படியாத் தாவாம வழுக்கிட்டுப் போகணும். ப்ரவுசர்ல ஒரு நீளமான பக்கத்தைத் திறந்து ரெண்டு விரலால ஸ்க்ரோல் பண்ணி, சடார்னு நிறுத்திப் பாருங்க.

கீபோர்டுல ஒரே ஒரு எச்சரிக்கை. பழைய திங்க்பேட்ல இடது கோடில எஃப்என், அதுக்கு அடுத்துதான் கன்ட்ரோல். வேடிக்கை என்னன்னா மேக்லயும் எஃப்என் கோடிலதான், அதனால உங்களுக்கு அது பழகின இடம்தான். பிடிக்கலன்னா பயாஸ்லயே (விண்டோஸ் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வர்ற செட்டிங்ஸ்) ரெண்டையும் மாத்திக்கலாம்.

ஸ்பீக்கர் பத்தி எதிர்பார்ப்பைக் குறைச்சுக்கோங்க. ஆபீஸ் லேப்டாப்ல பாட்டு கேக்கற மாதிரி ஸ்பீக்கர் அபூர்வம்.

4. ஸ்க்ரீன்: ஒரே மாடல், நாலு முகம்

இதுலதான் நிறையப் பேர் கோட்டை விடறாங்க. மேக்ல ஒரு மாடல்னா ஒரு ஸ்க்ரீன். இங்க ஒரே டி14ங்கற பேருல மங்கலான ஸ்க்ரீனும் வரும், அட்டகாசமான ஓஎல்ஈடியும் வரும். ரிவ்யூ எழுதுனவர்கிட்ட இருந்தது மேல் ஸ்க்ரீன், ஆஃபர்ல வர்றது கீழ் ஸ்க்ரீனா இருக்கும்.

மூணு விஷயம் பாருங்க. வெளிச்சம்: 300 நிட்ஸ் ரூம் உள்ள சமாளிக்கும், ஜன்னல் பக்கம் உக்காருறவங்களுக்கு 400க்கு மேல வேணும், 500 இருந்தா நிம்மதி. கலர்: "45% என்டிஎஸ்சி"ன்னு போட்டிருந்தா அடுத்த கான்ஃபிகுரேஷனுக்குப் போயிடுங்க, மேக் பாத்த கண்ணுக்கு அது வெளுத்துப் போன மாதிரி தெரியும். "100% எஸ்ஆர்ஜிபி" இருக்கணும். மூணாவது எழுத்தோட கூர்மை. மேக்புக் ஏர்ல ஒரு இன்ச்சுக்கு 224 பிக்சல் வருது. 14 இன்ச் லேப்டாப்ல 1920×1200னா சுமார் 162தான், எழுத்து ஓரத்துல லேசா நரநரன்னு தெரியும். அதே 14 இன்ச்ல 2880×1800னா 243 கிட்ட வரும், ஸ்கேலிங் 200 பர்சன்ட் வச்சா எல்லாம் மேக் மாதிரியே கூர்மையா நிக்கும். நடுவுல 2560×1600 ஒண்ணு இருக்கு, கிட்டத்தட்ட 216, அதுவும் போதும். பிக்சல் கூடக்கூட பேட்டரி கொஞ்சம் குடிக்கும், நாள் முழுக்க வெளி மானிட்டர்ல வேலை பாக்கறவங்க 1920×1200 மேட் ஸ்க்ரீனே எடுத்துக்கலாம், தப்பில்ல. ஓஎல்ஈடி பாக்க அழகு, ஆனா குறைஞ்ச வெளிச்சத்துல சில ஸ்க்ரீன் வேகமா மினுக்கும், கண்ணு வலி, தலைவலி வர்றவங்க முன்னாடியே வச்சுப் பாத்துடுங்க.

5. ப்ராசஸர், ரேம்

மேக்ல எம் பக்கத்துல இருக்கற நம்பர் பெருசானா புதுசு, அவ்ளோதான். இன்டெல்ல கடைசி எழுத்துலதான் சூட்சுமம் இருக்கு. கோர் அல்ட்ரா 7னு மூணு லேப்டாப்ல ஒரே ஸ்டிக்கர் இருக்கும், உள்ள ஒண்ணுல 258வி, ஒண்ணுல 255யு, ஒண்ணுல 255எச் இருக்கும். வி வந்தா பேட்டரிக்காகப் பண்ணுனது, சூடு கம்மி, மேக் ஏர்ல இருந்து வர்றவங்களுக்கு இதுதான் கிட்டத்துல வரும். ஆனா ரேம் சிப் கூடவே ஒட்டி வருது, 16 இல்லன்னா 32, அப்புறம் ஏத்த முடியாது. எச் வந்தா வேகம் அதிகம், ஃபேன் சத்தமும் அதிகம், வீடியோ எடிட்டிங், பெரிய கோடு கம்பைல் பண்றவங்களுக்கு. யு சாதாரண ஆபீஸ் வேலைக்கு. ஏஎம்டி ரைசனும் நல்லாவே இருக்கு, அதை ஒதுக்க வேண்டாம்.

ஸ்னாப்ட்ராகன் எக்ஸ் 2024ல வந்துச்சு, மேக்ல இருக்கற மாதிரியே ஆர்ம் வகை சிப். பேட்டரி நல்லா நிக்கும், மூடித் திறந்தா உடனே எழுந்துக்கும், சார்ஜர் சொருகலன்னாலும் வேகம் பெருசாக் குறையாது. சாதாரண பழைய சாஃப்ட்வேரை ப்ரிசம்ங்கற எமுலேட்டர் ஓட்டிடும், மேக்ல ரொசெட்டா ஓட்டுன மாதிரி. ஆனா ட்ரைவரை அது ஓட்டாது. முதல் ஸ்டெப்ல எழுதுன ரெண்டாவது லிஸ்ட் இங்கதான் வேலைக்கு வருது. ஆபீஸ் விபிஎன், செக்யூரிட்டி ஏஜென்ட், பழைய ப்ரின்டர், ஸ்கேனர் ஒவ்வொண்ணுக்கும் ஆர்ம் விண்டோஸுக்கு ட்ரைவர் இருக்கான்னு அந்தந்தக் கம்பெனி பக்கத்துல பாத்துட்டுதான் பணம் கட்டணும். ஒண்ணே ஒண்ணுக்கு இல்லன்னாலும் இன்டெல், ஏஎம்டி பக்கம் போயிடுங்க, அதுல பிடிவாதம் பிடிச்சு ஒரு பிரயோஜனமும் இல்ல.

ரேம் 16 ஜிபிக்குக் கீழ யோசிக்கவே வேண்டாம். டீம்ஸ், இருபது டேப், எக்செல் எல்லாம் சேர்ந்து ஓடுறவங்க 32 எடுங்க. ரேம் ஒட்டுனதா, கழட்டறதான்னு கேளுங்க. கழட்டறதுன்னா இப்போதைக்கு 16 எடுத்துட்டு அப்புறம் நீங்களே வாங்கிப் போட்டுக்கலாம். எஸ்எஸ்டி பெரும்பாலும் கழட்டறதுதான், அதனால அதுக்குப் பெரிய சைஸா ஆரம்பத்துலயே அழ வேண்டாம். ஒவ்வொரு பார்ட்டையும் நீங்களே மாத்தணும்னு ஆசை இருந்தா ஃப்ரேம்வொர்க்னு ஒரு கம்பெனி அதுக்காகவே லேப்டாப் பண்றாங்க, பாத்து வைங்க.

"கோபைலட் ப்ளஸ் பிசி" ஸ்டிக்கருக்கு அர்த்தம், உள்ள இருக்கற ஏஐ சிப் 40 டாப்ஸுக்கு (ஏஐ சிப்போட வேகத்தைச் சொல்ற அளவு) மேல, ரேம் 16 ஜிபியாவது இருக்குன்னுதான். அந்த வசதிங்க வேணும்னா பாருங்க, கட்டுமானத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது.

6. தூக்கமும் பேட்டரியும்

மேக்கை மூடி பையில போட்டு, ரெண்டு நாள் கழிச்சுத் திறந்தா விட்ட இடத்துல நிக்கும். விண்டோஸ்ல அதை எதிர்பார்த்தா ஏமாற்றம்தான் மிஞ்சும். இப்ப வர்ற லேப்டாப்ல முழுத் தூக்கம் கிடையாது, மாடர்ன் ஸ்டான்ட்பைனு ஒரு அரைத் தூக்கம், ஃபோன் மாதிரி நெட்டுல இருந்துகிட்டே தூங்கும். சில நேரம் பைக்குள்ளயே முழிச்சுக்கிட்டு அப்டேட் எல்லாம் பண்ணும், அதனாலதான் சூடு.

வழி ரொம்ப சுலபம். கன்ட்ரோல் பேனல்ல பவர் ஆப்ஷன்ஸ் போயி, மூடியை மூடுனா என்ன பண்ணணும்ங்கற இடத்துல ஹைபர்னேட்னு மாத்திடுங்க. லிஸ்ட்ல ஹைபர்னேட் இல்லன்னா கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினா திறந்து powercfg /hibernate on அப்படின்னு அடிச்சு அதை முதல்ல ஆன் பண்ணிக்கோங்க. ரேம்ல இருக்கறதை எல்லாம் எஸ்எஸ்டில எழுதி வச்சுட்டு மெஷின் முழுசா அணைஞ்சுடும், திறக்கறப்ப கொஞ்சம் கூட நேரம் எடுக்கும், ஆனா பையில அடுப்பு இருக்காது, பேட்டரியும் போட்டது போட்டபடி இருக்கும்.

பேட்டரி எத்தனை மணி நேரம்னு கம்பெனி சொல்றதை விட்டுட்டு வாட்-ஹவர் (பேட்டரி எவ்ளோ கொள்ளும்ங்கற அளவு) எவ்ளோன்னு பாருங்க. ஒரே மாடல்ல சின்ன பேட்டரி, பெரிய பேட்டரின்னு ரெண்டு இருக்கலாம், பெருசை எடுங்க. சார்ஜிங் யுஎஸ்பி-சிலயே ஆகணும், உங்க மேக் சார்ஜர் 65 வாட்டுக்கு மேல இருந்தா நிறைய ஆபீஸ் லேப்டாப்புக்கு அதையே போட்டுக்கலாம். எப்பவும் சொருகியே வச்சிருக்கறவங்க சார்ஜ் 80 பர்சன்ட்ல நிக்கற மாதிரி கம்பெனி ஆப்லயோ பயாஸ்லயோ செட் பண்ணிடுங்க.

வெளி மானிட்டர் ரெண்டு வச்சிருக்கறவங்களுக்கு இங்க ஒரு நல்ல சேதி. ஒரு டிஸ்ப்ளேபோர்ட் ஒயர்ல ரெண்டு மானிட்டரை சங்கிலி மாதிரி கோக்கறது மேக்ல நடக்காது, ரெண்டுலயும் ஒரே படம்தான் வரும். விண்டோஸ்ல அது நடக்கும், உங்க பழைய டாக் (மானிட்டர், சார்ஜர் எல்லாத்தையும் ஒரே ஒயர்ல சேக்கற பெட்டி) மேக்ல அடம் பிடிச்சிருந்தா இங்க ஒழுங்கா வேலை செய்ய வாய்ப்பு இருக்கு.

7. மாடல் நம்பரைக் கடைசி எழுத்து வரைக்கும் படிங்க

பேரை வச்சு ஆர்டர் போடாதீங்க. "டி14 ஜென் 5"னு சொன்னா அது ஒரு குடும்பப் பேர் மாதிரிதான். முழு பார்ட் நம்பரை எடுத்து கம்பெனியோட ஸ்பெக் பக்கத்துல போட்டுப் பாருங்க, லெனோவோவுக்கு பிஎஸ்ரெஃப், எச்பிக்கு க்விக்ஸ்பெக்ஸ்னு தனியாவே இருக்கு. ஸ்க்ரீன் எத்தனை நிட்ஸ், பேட்டரி எத்தனை வாட்-ஹவர், ரேம் ஒட்டுனதா, கீபோர்டுல லைட் இருக்கா, முகத்தைப் பாத்துத் திறக்கற கேமரா இருக்கா, எல்லாம் அங்கதான் உண்மையா இருக்கும். ஆமாங்க, கீபோர்டு லைட் கூட சில கான்ஃபிகுரேஷன்ல இருக்காது.

வாரன்ட்டில "ஆன்சைட்"ங்கற வார்த்தை இருக்கான்னு தேடுங்க, இல்லன்னா நீங்கதான் சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிட்டு அலையணும். விண்டோஸ் ஹோமா ப்ரோவான்னும் பாருங்க. வெளிய இருந்து இந்த மெஷினுக்கு ரிமோட் டெஸ்க்டாப்ல வரணும், ஆபீஸ் நெட்வொர்க்ல சேக்கணும்னா ப்ரோ வேணும்.

பட்ஜெட் இடிக்குதுன்னா புது வீட்டு லைன் லேப்டாப்பைவிட ரெண்டு மூணு வருஷப் பழைய லேட்டிட்யூட் 7000 எவ்வளவோ மேல், இதை நான் யார்கிட்டயும் அடிச்சுச் சொல்லுவேன். கம்பெனிங்க லீஸ் முடிஞ்சு திருப்பிக் குடுத்தது ரீஃபர்பிஷ்டா வரும். விண்டோஸ் 10க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது, அதனால விண்டோஸ் 11 எடுக்கற மெஷினான்னு பாருங்க, இன்டெல்லுன்னா குறைஞ்சது எட்டாவது ஜெனரேஷன். கைக்கு வந்ததும் முதல்ல பயாஸ்க்குள்ள போங்க, பாஸ்வேர்டு கேட்டா திருப்பிக் குடுங்க. அப்புறம் ரீசெட் பண்ணிட்டு நெட் கனெக்ட் பண்ணி செட்அப் ஆரம்பிங்க, ஏதோ ஒரு கம்பெனி பேரைப் போட்டு அவங்க ஆபீஸ் லாகின் கேட்டுச்சுன்னா அந்த மெஷின் இன்னும் அவங்க கணக்குலயே இருக்கு, அதையும் திருப்பிக் குடுங்க. பேட்டரி எவ்ளோ தேஞ்சிருக்குன்னு பாக்க கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து பவர்சிஎஃப்ஜின்னு சேத்து அடிச்சு, ஒரு ஸ்பேஸ், ஒரு ஸ்லாஷ், அதை ஒட்டி பேட்டரிரிப்போர்ட்னு இடைவெளி இல்லாம அடிங்க (எல்லாம் இங்கிலீஷ் எழுத்துலதான்). ஒரு ஃபைல் வரும், அதுல டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டின்னு ரெண்டு நம்பர் இருக்கும். 57,000 இருக்க வேண்டிய இடத்துல 38,000னு வந்தா மூணுல ஒரு பங்கு போயிடுச்சுன்னு அர்த்தம், விலையைக் குறைக்கச் சொல்லுங்க, இல்ல பேட்டரி மாத்தித் தரச் சொல்லுங்க.

8. வந்த முதல் வாரம்

ரிட்டர்ன் பண்றதுக்கு நாள் இருக்கறப்பவே எல்லா சோதனையும் முடிச்சுடணும். ஒரு நீளமான வீடியோ காலை சார்ஜர் இல்லாம பேசிப் பாருங்க, ஃபேன் சத்தம் எதிர்ல இருக்கறவங்களுக்குக் கேக்குதான்னு கேளுங்க. ராத்திரி ஹைபர்னேட்ல விட்டுட்டு காலைல எத்தனை பர்சன்ட் இருக்குன்னு பாருங்க. கருப்புப் படம், வெள்ளைப் படம் ஒவ்வொண்ணை ஃபுல் ஸ்க்ரீன்ல போட்டு செத்த பிக்சல் இருக்கான்னு பாருங்க.

கூடவே வந்த ஆன்டிவைரஸ் ட்ரையல், கேம் எல்லாத்தையும் தூக்கிடுங்க, விண்டோஸ் டிஃபென்டரே போதும். கம்பெனியோட அப்டேட் ஆப்பை மட்டும் விட்டு வைங்க, ட்ரைவர், பயாஸ் எல்லாம் அது வழியாத்தான் வரும். டிஸ்க் என்க்ரிப்ட் ஆயிருக்கும், அதுக்கு 48 இலக்க ரிகவரி கீ ஒண்ணு உண்டு, மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டுல இருக்கான்னு இன்னைக்கே பாத்து எழுதி வைங்க. பயாஸ் அப்டேட் ஆனதும் திடீர்னு அதைக் கேட்டு நிக்கும்.

கைப்பழக்கம்தான் கொஞ்ச நாள் படுத்தும். காப்பி பண்ண கட்டைவிரலுக்குப் பதிலா சுண்டுவிரல் போகணும். பவர்டாய்ஸ்னு மைக்ரோசாஃப்ட்டே குடுக்கற இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதுல கன்ட்ரோலையும் ஆல்ட்டையும் மாத்திப் போட்டுக்கலாம், ஆனா அப்படிப் பண்ணுனா ஆப் மாத்தற ஆல்ட்-டேப் ஓரத்துக்குப் போயிடும், அடுத்தவங்க மெஷின்ல உக்காந்தா கை தடுமாறும். மாத்தாம அப்படியே பழகுங்கன்னுதான் நான் சொல்லுவேன். அதே பவர்டாய்ஸ்ல ஃபைலைத் திறக்காமலே எட்டிப் பாக்கற பீக் இருக்கு, ஸ்பாட்லைட்டுக்குப் பதிலா கமாண்ட் பேலட் இருக்கு, அது ரெண்டையும் கண்டிப்பா ஆன் பண்ணுங்க. விண்டோஸ் கட்டை கூட வி அடிச்சு ஒருதரம் ஆன் பண்ணிட்டா, அதுக்கப்புறம் காப்பி பண்ணது லிஸ்ட்டா வரும், இது கைக்குப் பழகிட்டா அப்புறம் விட முடியாது.

ஃபைல் மாத்தறதுக்கு ஹார்டு டிஸ்க்கை எக்ஸ்ஃபேட்ல ஃபார்மட் பண்ணுங்க, ரெண்டு பக்கமும் எழுதும். டைம் மெஷின் டிஸ்க்கை விண்டோஸ் அப்படியே படிக்காது. பேஜஸ், நம்பர்ஸ், கீநோட்ல இருக்கறதை மேக்லயே வேர்டு, எக்செல், பவர்பாயின்ட்டா எக்ஸ்போர்ட் பண்ணிட்டு வாங்க. ஃபைல் பேருல கேள்விக்குறி, நட்சத்திரம், இரட்டை மேற்கோள் இருந்தா விண்டோஸ் ஏத்துக்காது, காப்பி பாதில நின்னுடும், முன்னாடியே பேரை மாத்திடுங்க. பாஸ்வேர்டுக்கு ஐக்ளவுட் ஃபார் விண்டோஸ் போட்டா அதுலயே வந்துடும்.

பழைய மேக்கை உடனே வித்துடாதீங்க. ஒரு மாசம் மேசைலயே கிடக்கட்டும், ஏதாவது ஒரு ஃபைல் விட்டுப் போயிருக்கும். அதுக்கப்புறம் குடுக்கறப்ப ஃபைண்ட் மை ஆஃப் பண்ணி, ஐக்ளவுட்ல இருந்து வெளிய வந்து, முழுசா அழிச்சுட்டுக் குடுங்க, இல்லன்னா ஆக்டிவேஷன் லாக்ல மாட்டி வாங்குனவங்க உங்களுக்குத்தான் ஃபோன் போடுவாங்க.